அரசு கசியவிட்ட தரவுக்கு இழப்பீடு கேட்க முடியுமா?

2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் மாநிலச் சமூகப் பாதுகாப்பு இயக்ககத்தின் இணையதளத்தில், முதியோர் உதவித்தொகை பெறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர், முகவரி, ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை எவரும் பார்க்கும்படி திறந்து கிடந்தன. யாரும் கன்னம் வைத்து உள்ளே நுழையவில்லை. நிரலில் நேர்ந்த பிழை என்று சொல்லப்பட்டது. செய்தி வெளிவந்தது, பக்கம் மூடப்பட்டது. அந்த முதியவர்களுக்கு என்ன பரிகாரம் என்ற கேள்விக்கு மட்டும் நம் சட்டத்தில் நேரான விடை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஜார்க்கண்ட் தனித்த நிகழ்வாக இருந்திருந்தால் அதை விபத்து என்று ஒதுக்கிவிடலாம். அதே ஆண்டு மே மாதம் பெங்களூரைச் சேர்ந்த இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கே நான்கு அரசுத் தளங்களை மட்டும் அது ஆராய்ந்திருந்தது. தேசிய சமூக உதவித் திட்டத்தின் தளம், 100 நாள் வேலைத் திட்டத்தின் தளம், ஆந்திர அரசின் இரண்டு தளங்கள். அவற்றில் 13 கோடி முதல் 13.5 கோடி வரையிலான ஆதார் எண்களும், ஏறத்தாழ 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் பொதுவெளியில் இருந்திருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பரில், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்குப் பதிலளித்த ஆதார் ஆணையமே, சுமார் 210 அரசு இணையதளங்கள் பயனாளிகளின் பட்டியலை ஆதார் எண்ணோடு வெளியிட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. 2021 ஜூனில் தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டிருப்பதாகச் சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அறிவித்தது.

ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடுவதைத் தெளிவாகத் தடை செய்கிறது. சட்டத்தை இயற்றிய அரசின் துறைகளே அதை மீறியிருக்கின்றன என்பதுதான் இங்கே பொருள்.

நலத்திட்டத் தரவு கசிவதை ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியல் கசிவதோடு சேர்த்து எண்ணக்கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைச் செயலி பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம். விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு அந்தத் தெரிவு கிடையாது. கணவரின் இறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, பாஸ்புக் நகல், கைபேசி எண், கைரேகை என்று கேட்டதையெல்லாம் கொடுத்தால்தான் மனு நகரும். தன் வறுமையையும் உடல் குறைபாட்டையும் தனிமையையும் ஒருவர் ஆவணமாக எழுதித் தரும் ஒரே இடம் நலத்திட்ட அலுவலகம்தான். வாங்கியவர் காக்கத் தவறினால் பொறுப்பேற்க வேண்டிய கடமை அதனாலேயே கூடுகிறது.

பண இழப்புக்கும் நேரான வழி இருக்கிறது. ஆதார் வழிப் பணப்பரிமாற்ற முறையில் வங்கி முகவரிடம் பணம் எடுக்க ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றும் போதும். ரகசிய எண் வேண்டாம், கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் அமைந்த ஏற்பாடு அது. பயனாளிப் பட்டியல் கசிந்தால் மூன்றில் இரண்டு மோசடிக்காரரின் கைக்குப் போய்விடுகின்றன. மூன்றாவதான கைரேகையைப் பத்திரப்பதிவு ஆவணங்களின் நகல்களிலிருந்து எடுத்துப் போலி ரேகை செய்த வழக்குகளைப் பல மாநிலங்களின் காவல்துறை பதிவுசெய்திருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகையை நம்பியிருப்பவரின் கணக்கு காலியாவது, சம்பளக்காரரின் கணக்கில் அதே தொகை குறைவதைப் போன்றதல்ல.

சட்டத்துக்கு வருவோம். தனிநபர் தரவைக் காக்கத் தவறியவரிடம் இழப்பீடு கேட்க இந்தியாவில் இருக்கும் முதன்மையான விதி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நுண்ணிய, அதாவது வெளியானால் கேடு தரக்கூடிய தனிநபர் தரவைக் கையாளும் நிறுவனம், நியாயமான பாதுகாப்பு நடைமுறைகளைக் கடைப்பிடிக்காமல் ஒருவருக்கு இழப்பு ஏற்படுத்தினால் அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. நிறுவனம் என்பதற்கு அந்தப் பிரிவிலேயே வரையறை உண்டு. கம்பெனி, கூட்டாண்மை, தனி உரிமையாளர் வணிகம், தொழில் அல்லது வணிகம் செய்யும் மனிதர்களின் சங்கம் ஆகியவை அதில் அடங்கும். அரசுத் துறை அடங்காது. அதாவது ஒரு தனியார் மருத்துவமனை உங்கள் விவரத்தைக் கசியவிட்டால் 43ஏ உங்களுக்கு உதவும். சமூகப் பாதுகாப்பு இயக்ககம் கசியவிட்டால் உதவாது.

இன்னொரு தடையும் இருக்கிறது. எது நுண்ணிய தரவு என்பதை 2011ஆம் ஆண்டு விதிகள் பட்டியலிடுகின்றன. வங்கிக் கணக்கு போன்ற நிதி விவரம், கடவுச்சொல், உடல்நிலை, மருத்துவப் பதிவு, கைரேகை போன்ற உடல்சார் அடையாளங்கள் ஆகியவை அதில் உண்டு. சாதி அதில் இல்லை. முகவரி இல்லை. ஆதார் எண்ணும் இல்லை.

ஒரு சிறு இடுக்கு மிச்சமிருக்கிறது. நலத்திட்டத் தளங்களை உருவாக்குவதும் பராமரிப்பதும் பல இடங்களில் ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனங்கள். கசிவு அவர்களின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று காட்ட முடிந்தால், துறையை விட்டு அந்த நிறுவனத்தின் மீது 43ஏ-யின் கீழ் போக வாய்ப்புண்டு. ஆனால் எந்த நிறுவனம், என்ன ஒப்பந்தம், யார் பொறுப்பு என்பதெல்லாம் பயனாளிக்கு எப்படித் தெரியும்?

2018 ஜூலையில் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான வரைவை மத்திய அரசிடம் அளித்தது. அந்த வரைவின் 75ஆவது பிரிவு, தரவு தொடர்பான விதிமீறலால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரும் உரிமையை வெளிப்படையாக வழங்கியது. பாதிப்பு என்பதற்கும் அது விரிந்த பொருள் தந்தது. பண இழப்போடு மன உளைச்சல், அவமானம், அடையாளத் திருட்டு, பாகுபாடு, மிரட்டலுக்கு ஆளாவது என்று பலவும் அதில் இடம்பெற்றன. தரவைக் கையாள்பவர் என்பதில் அரசும் அடக்கம். 2019இல் நாடாளுமன்றத்தில் அறிமுகமான மசோதாவிலும் இழப்பீட்டுப் பிரிவு நீடித்தது. 2022 நவம்பரில் வந்த புதிய வரைவில் அது காணாமல் போனது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அது திரும்பி வரவில்லை.

புதிய சட்டத்தில் அபராதம் உண்டு. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை. கசிவைத் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி வரை. அரசுத் துறையும் இதற்கு உட்பட்டதே. அந்தப் பணம் எங்கே போகும் என்று 34ஆவது பிரிவு சொல்கிறது: இந்தியத் தொகுப்பு நிதிக்கு. ஒரு மத்திய அமைச்சகம் பத்து லட்சம் பேரின் விவரங்களைக் கசியவிட்டு, இந்தச் சட்டத்தின்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் அதற்கு அபராதம் விதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட பொதுப்பணம் மீண்டும் பொதுக் கருவூலத்துக்கே போய்ச் சேரும். பட்டியலில் பெயர் இருந்த மூதாட்டிக்கு ஒரு ரூபாயும் வராது. போதாததற்கு, பொய்ப் புகார் அளிப்பது போன்ற கடமை மீறல்களுக்காகப் பயனாளிக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. வாரியம் விசாரிக்கும் விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றங்கள் தலையிடுவதை 39ஆவது பிரிவு தடுக்கிறது. சமரசப் பேச்சுக்கு அனுப்பும் அதிகாரம் வாரியத்துக்கு இருக்கிறது. அந்த வழியில் ஏதேனும் தொகை கிடைக்கலாம். கிடைத்தால் அது எதிர்த்தரப்பின் சம்மதத்தால் கிடைப்பது. உரிமையாகக் கிடைப்பதாகாது.

இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். அப்போது 43ஏ பிரிவு நீக்கப்படும். தனியார் நிறுவனங்களிடம் இழப்பீடு கேட்க இருந்த பழைய கதவும் அன்றோடு சாத்தப்படுகிறது. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான். தரவைக் காக்கும் சட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, தரவுக்கு உரியவரைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டார்கள்.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்று பார்த்தால், எல்லா வழக்குகளும் ஒரே கேள்வியில் வந்து முட்டுவது தெரிகிறது: பணம் போகாதவருக்கு என்ன இழப்பு?

அமெரிக்கத் தொழிலாளர் துறை, நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்து நுரையீரல் கெட்டவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. விண்ணப்பங்களை விசாரிக்கும்போது பலரின் வழக்குகளை ஒரே அறிவிப்பில் சேர்த்து, ஒவ்வொருவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணையே வழக்கு எண்ணாக அச்சிட்டு, சுரங்க நிறுவனங்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் அனுப்பியது. புனைபெயரில் வழக்குத் தொடர்ந்த ஒரு தொழிலாளி, இதனால் தனக்கு ஏற்பட்ட மன வேதனையைச் சொல்லி, 1974ஆம் ஆண்டு அந்தரங்கச் சட்டம் குறைந்தபட்சமாக வைத்திருக்கும் ஆயிரம் டாலரைக் கேட்டார். அதிக ஆசைப்பட்டு எதையும் கேட்கவில்லை. 2004இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மறுத்தது. உண்மையான சேதத்தை நிரூபித்தால்தான் அந்த ஆயிரமும் உண்டு என்றது. 2012இல் இன்னொரு வழக்கில், உண்மையான சேதம் என்றால் பண இழப்பு மட்டுமே என்று அதே நீதிமன்றம் மேலும் இறுக்கியது. அந்த வழக்கும் உதவித்தொகைத் தரவிலிருந்து பிறந்ததுதான். சமூகப் பாதுகாப்புத் துறையிடம் இருந்த ஒரு விமானியின் எச்ஐவி விவரம் வேறு அரசுத் துறைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

பிரிட்டன் எதிர்த்திசையில் நடந்தது. 2007 அக்டோபரில் அந்நாட்டு வரித்துறை, குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் எல்லாக் குடும்பங்களின் விவரங்களையும் இரண்டு குறுந்தகடுகளில் பதிந்து, பதிவுத் தபாலாகக்கூட இல்லாமல் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பியது. தகடுகள் போய்ச் சேரவே இல்லை. 72.5 லட்சம் குடும்பங்கள், இரண்டரைக் கோடிப் பேர். நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நவம்பர் 20 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்; துறைத் தலைவர் பதவி விலகினார். மன உளைச்சலுக்கு மட்டும் இழப்பீடு கேட்க அன்றைய சட்டத்தில் பொதுவாக வழி இல்லை. பண இழப்போ வேறு சேதமோ உடன் இருக்க வேண்டும். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிபந்தனையை அகற்றியது. 2018ஆம் ஆண்டுச் சட்டம், மன உளைச்சலும் இழப்பே என்று எழுத்திலேயே வைத்துவிட்டது.

அதற்கிடையே 2013இல் அந்நாட்டு உள்துறை, திருப்பி அனுப்பப்படவிருந்த புகலிடம் கோரிய குடும்பங்களைப் பற்றிய புள்ளிவிவரத்தை இணையத்தில் ஏற்றியபோது, ஏறத்தாழ 1,600 பேரின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்தே ஏற்றிவிட்டது. இரண்டு வாரம்போல அது அங்கே கிடந்தது. ஆறு பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். தங்களுக்கும் தாய்நாட்டில் இருக்கும் உறவினருக்கும் என்ன ஆகுமோ என்ற அச்சமே அவர்களின் இழப்பு. 2016இல் நீதிமன்றம் அவர்களுக்கு 2,500 பவுண்டு முதல் 12,500 பவுண்டு வரை வழங்கியது. 2025 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இன்னும் நெருக்கமானது. காவலர்களின் ஓய்வூதிய விவரங்கள் அடங்கிய கடிதங்கள் தவறான முகவரிகளுக்குப் போயிருந்தன. உறையை வேறு யாரேனும் பிரித்தார்கள் என்று காட்ட முடியாத நூற்றுக்கணக்கானோரின் வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: பாதிப்பு இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற அளவுகோல் சட்டத்தில் இல்லை, ஆனால் அச்சத்துக்கு நியாயமான அடிப்படை இருக்க வேண்டும். எனக்கு இது சரியான சமநிலையாகப் படுகிறது. வெறும் எரிச்சலுக்குக் காசு கிடையாது. காரணமுள்ள அச்சத்தைச் சட்டம் மதிக்கிறது.

ஆஸ்திரேலியா வழக்கறிஞர் செலவையே குறைத்தது. 2014 பிப்ரவரியில் அந்நாட்டுக் குடிவரவுத் துறை, தடுப்பு முகாம்களில் இருந்த 9,251 பேரின் விவரங்களைத் தவறுதலாக இணையத்தில் வெளியிட்டது. 2021 ஜனவரியில், தகவல் ஆணையரே, தங்கள் பாதிப்பைப் பதிவுசெய்த 1,297 பேருக்கு இழப்பீடு வழங்கும்படி உத்தரவிட்டார். பொதுவான கவலைக்கு 500 டாலர் என்று தொடங்கி, கடும் பாதிப்புக்கு 20,000 டாலருக்கு மேல் வரை படிநிலைகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொருவரும் தனித்தனியே நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கவில்லை. ஏழு ஆண்டுகள் ஆயின என்பது உண்மை. ஆனாலும் இந்தியாவின் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு இதே அதிகாரத்தைக் கொடுக்க ஒரே ஒரு சட்டத்திருத்தம் போதும்.

அதுவரை இங்கே பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

பணம் போயிருந்தால் முதலில் போக வேண்டிய இடம் வங்கி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கையில் வகுத்த விதிகள் இங்கே பயன்படும். தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, வாடிக்கையாளர் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அவருடைய பொறுப்பு பூஜ்யம். அரசுத் தளத்தில் கசிந்த விவரத்தைக் கொண்டு நடந்த மோசடி இந்த வகைக்குள் வரும் என்று வாதிட வலுவான இடமிருக்கிறது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு வாடிக்கையாளர் தாங்க வேண்டியது அதிகபட்சம் 5,000 ரூபாய். வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. அந்த மூன்று நாள், பரிமாற்றம் பற்றி வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. குறுஞ்செய்தியே வராத கணக்குகளில் இது பெரிய பிடி. வங்கிக்குப் போவதோடு சைபர் மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணிலும் புகார் பதிய வேண்டும். வங்கி மறுத்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அடுத்தது மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆவது பிரிவுப்படி ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரி அவரே. இது வெறும் காகித அதிகாரமாக இருந்ததில்லை. 2010 ஏப்ரலில், போலி மின்னஞ்சலால் பணமிழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி பெரிய தனியார் வங்கி ஒன்றுக்குத் தமிழ்நாட்டு அதிகாரி உத்தரவிட்டார். ஒப்பந்த நிறுவனத்தையோ வங்கியையோ எதிர்கொள்ள இந்த வழி பொருந்தும். 2027 மே மாதத்துக்குப் பின் 43ஏ இல்லாமல் போகும் என்பதால், இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் காத்திருக்கக்கூடாது.

அரசுத் துறையையே எதிர்கொள்ள வேண்டுமென்றால் மிஞ்சுவது உயர் நீதிமன்றம். 1983இல், விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் பதினான்கு ஆண்டுகள் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு இழப்பீடு வழங்கியபோது, அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் அரசு பணமாகவும் ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் தொடங்கி வைத்தது. 1993இல் நீலபதி பெஹரா வழக்கில், அரசுக்குரிய சட்டப் பாதுகாப்பு என்ற வாதம் அடிப்படை உரிமை மீறலில் எடுபடாது என்று தெளிவாக்கியது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. இந்த மூன்றையும் கோத்தால், அரசின் கவனக்குறைவால் தரவு கசிந்தவர் அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு மூலம் இழப்பீடு கேட்கலாம் என்ற வாதம் உருவாகிறது. வாதம் வலுவானது, பாதை இன்னும் நடந்து தேயாதது. முன்பு வென்ற வழக்குகளில் சிறையும் சாவும் இருந்தன. தரவுக் கசிவை அந்த வரிசையில் வைக்க நீதிமன்றத்தை இணங்கச் செய்ய, பாதிப்பு தெளிவாகத் தெரியும் ஒரு வழக்கு வேண்டும். கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்ணின் புது முகவரி பயனாளிப் பட்டியலால் வெளியே போன வழக்கு அப்படிப்பட்டதாக இருக்கலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்காக வழக்குத் தொடரவும் முயலலாம், ஆனால் மேலே சொன்ன 39ஆவது பிரிவின் தடை அதற்குக் குறுக்கே வரலாம். வழக்குக்கு முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின் கீழ் அரசுக்கு அறிவிப்பு அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் வழக்கைத் தாங்கப் போவது ஆதாரங்கள். அரசுப் பக்கம் ஒரே நாளில் அகற்றப்பட்டுவிடும் என்பதால், பார்த்தவுடன் முகவரியும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து வைக்க வேண்டும். மின்னணுச் சான்று நீதிமன்றத்தில் ஏற்கப்பட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் தேவை. ஆதார் தளத்தில் கடந்த ஆறு மாதங்களில் தன் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றைப் பார்க்கலாம். தான் போகாத இடத்தில் கைரேகை பதிந்திருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. இ-சேவை மைய ரசீதைக்கூட எறியக்கூடாது. எந்தத் துறையிடம் எந்த நாளில் விவரம் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. கசிவு எப்படி நடந்தது என்று சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான தேசிய கணினி அவசரநிலைக் குழுவிடம் (CERT-In) தகவல் உரிமை மனுப் போட்டுப் பயனில்லை. 2023 நவம்பரில் அந்த அமைப்புக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. ஆனால் தளத்தை நடத்திய துறையிடம் ஒப்பந்த நிறுவனம் எது, பாதுகாப்புத் தணிக்கை கடைசியாக எப்போது நடந்தது என்று கேட்க இன்னும் தடையில்லை. அந்த இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் யார் மீது வழக்கு என்பதை முடிவுசெய்யும்.

செலவை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையைத் தருகிறது. நலத்திட்டப் பட்டியலில் இடம்பெறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் இவர்களே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் எளிய மனு ஒன்று கொடுத்தால் போதும்.